ஐந்து பெண்களும் என் தங்கையின் வலது கையும்

ஜப்பானில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்துகிறார்கள். அவர்களுடைய பெயர்களை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் டிரம்ஸ் வாசிப்பவள் எந்தப் பாட்டில் மூச்சு வாங்குவாள், பேஸ் கிட்டார்காரி தப்பு விட்டால் யாரைப் பார்த்துச் சிரிப்பாள் என்பதெல்லாம் தெரியும். கம்பம் ஊரில் என் தெருவில் இருக்கிற பெண்களைக்கூட நான் இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. என் தங்கைக்கு அவர்களை என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன ஆனது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அப்பா மைக் செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், அம்மன் கோயில் பொங்கல், எங்கள் மாதா கோயில் கொடியேற்றம் என்று பள்ளத்தாக்கு முழுக்க எங்கள் ஸ்பீக்கர்கள் போய் வரும். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. தங்கை ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கொட்டகைக்குத்தான் வருவோம். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினோம். அங்கேயே நான் சத்தங்களைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் மிக்சர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். எந்த மைக்கில் இரைச்சல் வருகிறது, எந்த வயர் உள்ளே அறுந்திருக்கிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிப்பேன். பொம்பளைப் பிள்ளை மிக்சரில் உட்காருவதா என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். சத்தம் நன்றாக இருந்ததால் கேட்பதை விட்டுவிட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்று நான் இருந்துவிட்டதற்கும் அந்தக் கொட்டகை ஒரு காரணம்.

நான் கேட்பவள், அவள் வாசிப்பவள். கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்க ஆரம்பித்தபோது அவளுக்குக் கால் தரையில் சரியாக எட்டாது. சாமியாருக்குப் படிக்கிற குருமடத்திலிருந்து பயிற்சிக்காக எங்கள் கோயில் பங்குக்கு வந்த ஒரு பிரதர் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழு தன் டிரம்ஸை எங்கள் கொட்டகையில் போட்டுவிட்டுத் திரும்பி வரவேயில்லை. அதை அவளாகவே பழகினாள். பேஸ் கிட்டாரும் அப்படித்தான். புது வாத்தியம் கைக்கு வந்தால் கொஞ்ச நாள் அதோடு சண்டை போடுவாள், எங்களிடம் எரிந்து விழுவாள், சாப்பிட மாட்டாள். பிறகு ஒரு நாள் காலையில் அது அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்திருக்கும்.

கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றுபோன காலத்தில் கொட்டகை நிறைய சாமான்கள் சும்மா கிடந்தன. ஆம்ப்ளிஃபையரை ஓட்டாமல் போட்டுவைத்தால் கெட்டுவிடும், அவ்வப்போது பாட்டுப் போட்டு ஓடவிடுங்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். மத்தியானங்களில் என் போனை மாட்டி எதையாவது ஓடவிடுவோம். ஒரு பாட்டு முடிந்ததும் அதுவாகவே அடுத்ததற்குப் போகும். அப்படித்தான் அந்த ஐந்து பேரும் எங்கள் கொட்டகைக்குள் வந்தார்கள்.

முதலில் எனக்குச் சத்தம்தான் பிடித்தது. ஆட்களை நான் பார்க்கவில்லை. டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கிற காலடி, நெஞ்சில் இல்லாமல் வயிற்றில் வந்து விழுந்தது. அதை ஒட்டியே பேஸ் நடந்தது, ஆனால் இரண்டும் குழம்பவில்லை. இரண்டு கிட்டார்களும் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி, கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிறவளுக்கு நடுவில் இடம் விட்டிருந்தன. எங்கள் ஊர்க் கச்சேரிகளில் ஒவ்வொருத்தரும் தன் சத்தத்தைக் கூட்டச் சொல்லி என்னிடம் சைகை காட்டுவார்கள். இந்தப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி இடம் விட்டு வாசித்தார்கள். மிக்சரில் உட்காருகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் மற்றவர்களுக்குப் புரியாது.

ஆட்களைப் பார்த்தது தங்கைதான். அடுத்த பாட்டு ஓடும்போது என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, டிரம்ஸ் அடிச்ச பொம்பளையப் பாரு. கிட்டாரத் தூக்கிக்கிட்டு முன்னால வந்துருச்சு."

உண்மைதான். டிரம்ஸில் இப்போது பேஸ்காரி இருந்தாள். கீபோர்டுக்காரி பேஸ் வாசித்தாள். அதற்கடுத்த பாட்டில் மறுபடியும் இடம் மாறினார்கள். ஒரு பாட்டில் நடுவிலேயே மாறினார்கள். டிரம்ஸ்காரி ஒரு குச்சியால் தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டே எழுந்திருக்கிறாள். மற்றவள் பக்கவாட்டில் நுழைந்து அடுத்த குச்சியை வாங்குகிறாள், நாற்காலியில் உட்காருகிறாள். ஒரு அடிகூடத் தவறவில்லை. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். எந்த இடத்தில் கால் மாறுகிறது என்பது எங்களுக்கு அன்று பிடிபடவே இல்லை.

அவர்கள் சின்னப் பெண்கள் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தி மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். ரேஷன் கடை வரிசையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் எங்களை மயக்கியது என்று நினைக்கிறேன். திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு சுருளிப்பட்டிப் பக்கமிருந்து வருகிற வண்டிக்காரர் ஒருவர் கடை முன்னால் நிறுத்தி, இது என்ன மலையாளமா என்று கேட்டார். அப்பா "சப்பான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். ஆனால் அவரும் ஓரக்கண்ணால் பார்ப்பார். டிரம்ஸ்காரியைக் காட்டி, அந்தப் பிள்ளைக்கு மணிக்கட்டு நல்லா இருக்கு என்று ஒருமுறை சொன்னார். அப்பா யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

திருவிழாக்கள் மறுபடி தொடங்கிய வருடம், பாடற்குழுவிலிருந்து இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்துத் தங்கை கொட்டகையில் பயிற்சி கொடுத்தாள். மாதா கோயில் திருவிழாவில் கொயர் பாட்டுகளை வாத்தியத்தில் மட்டும் வாசிப்பது என்று திட்டம். பொம்பளைப் பிள்ளைகள் டிரம்ஸில் உட்காருவது நன்றாக இருக்குமா என்று கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் கேட்டாராம். எங்கள் பங்குச் சாமியார், கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கு நான் மிக்சரில் இருந்தேன். கடைசிப் பாட்டில், டிரம்ஸில் இருந்த தங்கை ஒரு குச்சியால் அடித்துக்கொண்டே எழுந்தாள். பக்கத்துப் பெண் நுழைந்து உட்கார்ந்தாள். தாளம் நிற்கவில்லை. தங்கை பேஸை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள், அங்கிருந்து என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் விசில் பறந்தது. பேரவைப் பெரியவரும் கை தட்டினார். அந்தச் சாயங்காலத்தை நினைக்காமல் இருக்கத்தான் இப்போதெல்லாம் முயற்சி செய்கிறேன். முடிவதில்லை.

அடுத்த வருடம் அவளுக்குக் கோம்பையில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஜீப் ஓட்டுகிறவர். விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை மேட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் போவார், சாயங்காலம் இறக்கிவிடுவார். நல்ல மனிதர். அவள் வாசிப்பதைத் திருவிழாவில் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்திருந்தார். கல்யாணம் முடிந்த வாரமே என்னிடம் வந்து நின்றார்.

"மதினி, எங்க மாடி சும்மாதான் கெடக்கு. டிரம்ஸ அங்கன போட்டுக்கிரட்டும். அது இல்லாம அவ மொகம் நல்லாவே இல்ல."

அவரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் மாடியில் வாசிக்கும்போது மாமியார் வளர்த்த நாய் படியேறி வந்து வாசலில் படுத்துக்கொள்ளும் என்று போனில் சொல்லிச் சிரித்தாள். ஜப்பான் பெண்களின் புது வீடியோ வந்தால் ஒரே நேரத்தில் அவள் கோம்பையிலும் நான் கம்பத்திலும் பார்ப்போம். போன் லைனைத் துண்டிக்க மாட்டோம். இருவரும் பேசவும் மாட்டோம்.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. சுகப் பிரசவம். அம்மா இல்லாத வீடு என்பதால் நானே பத்தியச் சாப்பாடு பண்ணினேன். வீட்டுக்கு வந்து சில நாளில் தலை வலிக்கிறது என்றாள். தூக்கம் இல்லாததால் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் காலையில் காப்பி டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என் கை மாதிரியே இல்லக்கா."

ஆண்டிபட்டி ரோட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை ஜீப்பை ஓட்டினார். நான் பின்னால் அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். மூளையில் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி வருவதுண்டு, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். அவர்கள் எல்லோருமே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். யார்மீதாவது கோபப்பட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் குழறியது, பிறகு சரியானது. வலது கால் மெதுவாக வந்தது, இப்போதும் லேசாக இழுத்துத்தான் நடக்கிறாள். வலது கை வரவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. பிசியோதெரபி செய்கிற பெண் வந்து பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லுவாள். நான் தினமும் சுடுதண்ணீரில் ஒத்தடம் கொடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடுவேன். விட்டதும் அவை திரும்ப மடங்கும். ஆரம்பத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கை வந்துவிடும் என்றார்கள். பிறகு கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள். அதற்கு அப்புறம் வருவதையும் குறைத்துக்கொண்டார்கள்.

நான் மட்டும் வேறு ஒரு கணக்கில் இருந்தேன். அவளுக்கு நான்கு வாத்தியம் தெரியும். ஒன்று தெரிந்தவளுக்கு அது போனால் எல்லாம் போயிற்று. நான்கு தெரிந்தவளுக்கு ஏதாவது ஒன்று மிச்சம் இருக்காதா? கொட்டகையில் தனியாக இருக்கும்போது துப்பட்டாவால் என் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். கிட்டாரில் இடது கை கம்பியை அழுத்தும், மீட்ட ஆள் இல்லை. பேஸும் அதே கதைதான். டிரம்ஸில் ஒரு குச்சி அடிக்கலாம், ஆனால் காலடிக்கு வலது கால் வேண்டும். கீபோர்டில் பாதி பலகை மட்டும்தான் எட்டியது. அப்பா ஏதோ வயர் எடுக்க வந்தவர், என் கட்டைப் பார்த்தார். வயரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான்கு வாத்தியமும் ஒரே கை வழியாகத்தான் வந்திருந்தன. போகும்போதும் ஒன்றாகவே போய்விட்டன. அன்று அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் விடவில்லை.

அந்த ஜப்பான் பெண்களின் பழைய நிகழ்ச்சிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றில் டிரம்ஸ்காரி கையில் மாவுக்கட்டோடு மேடைக்கு வந்திருந்தாள். எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்க வேண்டும். அவள் வீட்டில் இருந்துவிடவில்லை. கீபோர்டுக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கையால் நிகழ்ச்சி முழுக்க வாசித்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி இடம் மாறி மாறி அந்த ஓட்டையை அடைத்தார்கள். கேட்கிறவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுதான் வழி என்று நினைத்தேன்.

தங்கையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் தலையணையில் சாய்ந்து கடைசிவரை பார்த்தாள். நடுவில் ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். முடிந்ததும் போனை என்னிடம் நீட்டினாள்.

"நல்லா வாசிக்கிறாக. ஆனா அவுகளுக்குக் கட்ட அவுத்ததும் கை வந்துருமேக்கா."

நான் போனை வாங்கி அணைத்தேன்.

இருந்தாலும் எனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகைக்கு வந்தாள். மாப்பிள்ளை குழந்தையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கீபோர்டை உயரம் குறைத்து வைத்தேன். இடது கையால் அவள் வாசித்தது, நாங்கள் அதிகம் கேட்ட பாட்டில் பேஸ் போகிற வழி. தாளம் அப்படியே இருந்தது. இத்தனை மாதம் தொடாதவள் வாசிப்பது மாதிரியே இல்லை. பழக்க தோஷத்தில் என் கை மிக்சருக்குப் போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியது. பாட்டின் பாதியில் அவள் நிறுத்தினாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள்.

"எனக்கு மிச்சம் பூராவும் கேக்குதுக்கா. ஒனக்குப் பாதிதான் கேக்குது, நல்லாருக்குன்னு நெனைக்கிற. எனக்கு முழுசும் கேக்குது. அதான் முடியல."

வலது கைப் பகுதியை நான் வாசிக்கிறேன் என்றேன். என் வாசிப்பு ரொம்ப சுமார்தான், ஆனாலும் பழகி வைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தோம். நான் தடுமாறும்போதெல்லாம் அவள் எனக்காக வேகத்தைக் குறைத்தாள், நான் அவளுக்காகக் குறைத்தேன். பாட்டு எங்கோ கீழே விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கையை எடுத்துவிட்டாள். அந்த ஜப்பான்காரிகள் ஒருத்தி மேல் ஒருத்தி இரக்கப்பட்டு வாசிக்கவில்லை, அவர்களுக்குப் பாட்டுத்தான் பெரிது, நீ வாசிக்கிறது பாட்டுக்காக இல்லை எனக்காக என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சத்தத்தில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

அதன்பிறகு வீட்டில் அந்தப் பாட்டுகளைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை கோம்பை மாடியிலிருந்து டிரம்ஸை இறக்கிக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தார். நான்தான் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் தங்கை எங்களோடுதான் இருக்கிறாள். அவர் வாரக் கடைசியில் வருகிறார், அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுகிறார். ஒற்றைக் கையால் அவளால் குழந்தையைத் தூக்க முடியாது. குழந்தைக்கு அது புரிந்துவிட்டது. அழுதால் பெற்றவளைத் தாண்டி என்னைப் பார்த்துக் கை நீட்டுகிறது. நான் தூக்கும்போது தங்கை பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை.

சமீபத்தில் அந்த ஜப்பான் பெண்கள் புது நிகழ்ச்சி ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். தேனிக்கு ஸ்பீக்கர் சாமான் வாங்கப் போகும்போது பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். பேஸ்காரிக்குத் தலை நரைத்திருந்தது. இப்போதும் இடம் மாறுகிறார்கள், இப்போதும் அடி தவறவில்லை. எந்தக் குறையும் சொல்ல முடியாத வாசிப்பு. ஆனால் எனக்குப் பாட்டு கேட்கவில்லை. ஐந்து வலது கைகள் மட்டும் தெரிந்தன. குச்சி பிடிக்கிற கை, கம்பி மீட்டுகிற கை, நடுவில் ஒருத்தி வேர்வையைத் துடைத்துக்கொள்கிற கை. சின்னமனூர் வருவதற்குள் நிறுத்திவிட்டேன். அவர்கள்மேல் என்ன தப்பு இருக்கிறது? அவர்கள் அவர்கள் பாட்டுக்கு வாசிக்கிறார்கள்.

இந்த வருடத் திருவிழாவுக்கும் எங்கள் மைக் செட்தான். தங்கை பயிற்சி கொடுத்த இரண்டு பெண்களும் வாசிப்பதாக இருந்தது. எப்போதும்போல் கடைப் பையன்கள் தெருத்தெருவாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு முனையில் இருக்கிற மின் கம்பத்திலும் ஒன்று. அது எங்கள் வீட்டைப் பார்த்து இருந்தது. காலையில் தங்கை என்னிடம், நம்ம தெருக் குழாயை மட்டும் கழற்றிவிட முடியுமா என்று கேட்டாள். பாட்டுப் போட வேண்டாம் என்றதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். நானே ஏணி வைத்து ஏறி வயரைப் பிடுங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் ஏன் சத்தம் வரவில்லை என்று விசாரித்திருக்கிறார். உள்ளே வயர் அறுந்துபோச்சு என்று அப்பா சொல்லிவிட்டார்.

மேடையில் அந்தப் பெண்கள் ஆரம்பித்ததும் நான் மிக்சரில் டிரம்ஸின் சத்தத்தை இறக்கினேன். கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் அதிக தூரம் இல்லை. மேற்கிலிருந்து காற்றும் வீட்டுப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. டிரம்ஸில் இருந்த பெண், ஏன் தன் சத்தம் குறைகிறது என்று புரியாமல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாவமாக இருந்தது, மறுபடியும் ஏற்றினேன்.

வெளிச்சம் இருக்கும்போதே மிக்சரை அப்பாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். தங்கை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் பிள்ள டிரம்ஸ்ல வேகமா ஓடுதுக்கா" என்றாள். "பாட்டுக்கு முன்னாடியே ஓடிருது. மத்த பிள்ள பின்னாடி மூச்சு வாங்குது."

ஆமாம் என்றேன். நானும் கவனித்திருந்தேன். நீ வேண்டுமானால் அவளைக் கூப்பிட்டுச் சொல்லேன் என்றேன். அவள் இடது கையால் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"சொன்னா, அடிச்சுக் காட்டணும்ல."

வெளியே அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நான் குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனேன்.